எப்படியும் பாஸ் மாத்துவாரு: குறை பொறுக்காத தலைவரும் குழுவின் ஈடுபாடும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் ஆலையில் அலுவலகத்திலிருந்து கேன்டீனுக்கு இறங்க ஒரு குறுகிய படிக்கட்டு உண்டு. ஒருநாள் மாலை நான் அதில் இறங்கும்போது, கீழே என் குழுவைச் சேர்ந்த இருவர் மாதாந்திர அறிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கடைசிப் பக்கத்துக் கணக்கு இடிக்குது. இன்னொரு தடவ பார்த்துடலாமா?" என்றாள் இளையவள்.

"விடு தங்கச்சி. எப்படியும் பாஸ் மாத்துவாரு. அவரே கண்டுபிடிச்சுக்குவாரு."

பாஸ் என்று அவர் சொன்னது என்னைத்தான். அன்றிரவு பினாங்குப் பாலத்து நெரிசலில் பட்டர்வொர்த் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு வந்தது கோபம் மட்டுமே. சோம்பேறிகள், நான் இல்லாவிட்டால் இந்த டிபார்ட்மென்ட் என்னாகும் என்று நினைத்தேன். கணக்கு தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, திருத்தவும் அவள் தயாராக இருந்தாள், வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே என் பழக்கம்தான் என்பது உறைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின.

மூன்று பேரையோ முப்பது பேரையோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி உண்டு. படிகளை வரிசையாகச் செய்யுங்கள். எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

தரம் வேறு, பிடிவாதம் வேறு

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு குறையில்லாத வேலை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதிலிருந்து இந்தத் தீவின் சோறு துல்லியத்தில்தான் வெந்துகொண்டிருக்கிறது. 1986இல் மோட்டோரோலா நிறுவனத்தில் உருவான சிக்ஸ் சிக்மா முறை, பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 குறைகளுக்கு மேல் கூடாது என்கிறது. எங்கள் உற்பத்தி லைனில் அது சுவரில் ஒட்டிய வாசகமாக நிற்கவில்லை, அன்றாட வேலையாகவே இருந்தது.

ஆனால் லைனில் ஒரு வசதி உண்டு. ஒரு பாகம் எத்தனை மைக்ரான் கூடலாம், எத்தனை குறையலாம் என்பது டிராயிங்கில் இருக்கும். காலை ஷிப்ட் சூப்பர்வைசர் கண்டிப்பானவர், இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் தாராளமானவர் என்பதால் அந்த எண் மாறாது. எல்லைக்குள் இருந்தால் பாஸ், வெளியே போனால் ரிஜெக்ட். பெரட்டுக்கு, அதாவது ஷிப்டின் ஆள் கணக்கெடுப்புக்கு, யார் நின்றாலும் அளவு ஒன்றுதான்.

அதே லைனில் நிற்கும் இன்ஜினியர் மாடியேறி வந்து ஒரு ஸ்லைடு தயாரிக்கிறார், வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார். இதற்கு டிராயிங் ஏது? எல்லைக்கோடு மேலாளரின் மண்டைக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு இடத்தில் இருக்கும், தலைமையகத்திலிருந்து ஒரு காட்டமான அழைப்பு வந்த புதன்கிழமை வேறு இடத்தில் இருக்கும். குறை பொறுக்காத தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். உயர்ந்த தரம் கேட்பதில் தப்பில்லை. எழுதிவைக்காத தரத்தைக் கேட்பதும், அது எட்டாதபோது ஆளைக் குறை சொல்வதும்தான் கோளாறு.

உளவியலாளர்கள் பால் ஹெவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் 1991இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, உலகம் தன்னிடம் எதிர்பார்க்கிறது என்று நம்பி அஞ்சுவது. மேலாளர்களில் பலர் முதல் வகை என்று தங்களை நினைத்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான். அறையில் நடப்பது இரண்டாவது. அதைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் மூன்றாவது: மேலே இருப்பவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்ற பயம்.

இத்தனை பிடிவாதமும் வேலையின் தரத்தை உயர்த்துகிறதா? 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, வேலையிடங்களில் இதைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இந்தக் குணம் உள்ளவர்கள் கூடுதல் நேரம் உழைக்கிறார்கள், மன அழுத்தமும் வேலைச் சோர்வும் அவர்களிடம் கூடுதல். செயல்திறனோடு மட்டும் சொல்லிக்கொள்ளும்படி எந்தத் தொடர்பும் இல்லை. முதல் முறை இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

முதல் படி: இரண்டு வாரம் கணக்கு வையுங்கள்

"நான் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்டா?" என்று உங்களையே கேட்காதீர்கள். அந்தச் சொல்லை நேர்முகத் தேர்வில் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம், நேர்மையான பதில் வராது. அதற்குப் பதில் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். தவறு, தேவை, ருசி என்று தலைப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு, குழு கொடுக்கும் வேலையில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு கோடு.

தவறு என்றால் உண்மையாகவே தவறு: எண் பிழை, பெயர் பிழை, விட்டுப்போன இணைப்பு. தேவை என்றால் தவறில்லை, ஆனால் படிப்பவருக்கு அந்தத் திருத்தம் உதவும். ருசி என்றால் நீங்களாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள், அவ்வளவுதான். நீல நிற வரைபடத்தைப் பச்சையாக்கியது, "தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதை "தெரிவிக்கிறோம்" ஆக்கியது எல்லாம் இதில் சேரும்.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: இதைத் திருத்தாமல் அனுப்பினால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியாது என்றால் ருசி. என் தாளில் மூன்றாவது கட்டம் நிரம்பி வழிந்து பின்பக்கத்துக்குப் போனது. முதல் கட்டத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே கோடுகள்.

இந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். இரண்டு வாரம் முடியும் முன்பே திருத்தங்கள் குறைய ஆரம்பிக்கும், ஏனென்றால் கோடு போட உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: குழுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

ஈடுபாடு என்று மனிதவளத் துறையினர் சொல்லும்போது பலர் அதை ஊழியர் மகிழ்ச்சி, வருடாந்திர விருந்து என்று புரிந்துகொள்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வில்மர் ஷௌஃபெலியும் அவருடன் இருந்தவர்களும் அதை மூன்று கூறுகளாகப் பார்த்தார்கள்: வேலையில் துடிப்பு, அதன்மேல் ஒரு பற்று, நேரம் போவது தெரியாமல் அதில் மூழ்குவது. அவர்களுக்கு முன்பே, 1990இல், வில்லியம் கான் என்ற ஆய்வாளர் ஒரு கோடைக்கால முகாமிலும் ஒரு கட்டடக் கலை நிறுவனத்திலும் இருந்தவர்களைக் கவனித்து, மனிதர் தன்னை முழுதாக வேலையில் போடுவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும் என்று எழுதினார். செய்வதற்கு அர்த்தம் இருக்க வேண்டும், தன்னை வெளிக்காட்டினால் அடி விழாது என்ற நம்பிக்கை வேண்டும், அதற்கான தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

குறை பொறுக்காத தலைவர் இந்த மூன்றிலும் கைவைக்கிறார். ஒவ்வொன்றிலும் விதம் வேறு.

அர்த்தம் போவது சத்தமில்லாமல் நடக்கும். ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய அறிக்கை, மறுநாள் காலை அவருடையதாகத் தெரியாத அளவுக்கு மாறி வாடிக்கையாளருக்குப் போய்விடுகிறது. பெயர் அவருடையது, வாக்கியம் உங்களுடையது. இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் அவர் முழுதாகச் செய்வதை நிறுத்திவிடுவார். சோம்பல் என்று சொல்ல முடியாது, கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவுதான் அது. எப்படியும் இடிக்கப்போகும் சுவருக்கு யார் பூச்சு வேலை செய்வார்? நான் படிக்கட்டில் கேட்டது இதுதான்.

பாதுகாப்பு போவதற்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. மலாய் நண்பர்கள் "மாலு" என்பார்கள், நாம் மானக்கேடு என்போம், சீன நண்பர்கள் முகம் போச்சு என்பார்கள். மூன்று மொழியிலும் ஒரே காயம். பத்துப் பேர் முன்னால் ப்ரொஜெக்டரில் ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினால் நமக்கு அது ஒரு நிமிட வேலை. சுட்டப்பட்டவர் அடுத்த ஆறு மாதம் கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார். மற்ற ஒன்பது பேரும் அதையேதான் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

தெம்பு கரைவது வேலைப் பளுவால் என்று நினைப்போம். பாதிக்கு மேல் அது யூகத்தில் கரைகிறது. பாஸுக்கு இன்று இது பிடிக்குமா, போன மாதம் இப்படிச் செய்ததற்குத் திட்டினாரே, அப்படியே செய்தால் இப்போது அதற்கும் திட்டுவாரோ. வாடிக்கையாளரைப் பற்றி யோசிக்க வேண்டிய மூளை நம்மைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

இதில் ஏமாற வைக்கும் ஒன்று, வெளியிலிருந்து பார்த்தால் ஈடுபாடு பொங்கி வழிவதுபோலத் தெரியும். இரவு எட்டு மணிக்கும் விளக்கு எரியும். வாட்ஸ்ஆப்பில் செய்தி போட்ட அரை நிமிடத்தில் "நோட்டட் பாஸ்" என்று வரும். என் குழு அப்படி இருந்தபோது நான் பெருமைப்பட்டேன். பார்க்க வேண்டிய இடம் வேறு. கேள்விகள் குறைந்திருக்கின்றனவா? வேலை எப்போதும் கடைசி அரை மணி நேரத்தில்தான் உங்கள் மேசைக்கு வருகிறதா? (நீங்கள் மாற்ற நேரமில்லாமல் செய்வதற்காக இருக்கலாம்.) ஸ்டேப்ளர் வாங்குவதற்குக்கூட உங்களிடம் வந்து கேட்கிறார்களா? பிரசன்டேஷன் இருக்கும் நாளில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுப்பவர் ஒரே ஆளாக இருக்கிறாரா? நல்ல கைகள் அடுத்த டிபார்ட்மென்டுக்கு மாற்றல் கேட்டு, காரணம் மட்டும் சொல்லாமல் போகின்றனவா? இவற்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

போவதற்கு முன் ஒன்று. "இங்கே எல்லாரும் தீடாப்பா ஆளுங்க, நான் விட்டா போச்சு" என்று சொல்லாத மேலாளரை நான் கோலாலம்பூரிலும் பார்த்ததில்லை, பினாங்கிலும் பார்த்ததில்லை. பரவாயில்லை என்று விட்டுவிடும் அந்தக் குணம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே ஆட்கள் கோயிலில் தைப்பூசப் பந்தல் போடும்போது ஒரு மூங்கில் கோணாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் படியில் நின்று பார்த்தால் தெரியும்.

மூன்றாம் படி: லிமிட் சாம்பிள் வையுங்கள்

எனக்கு உண்மையில் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

க்யூ.சி. என்ற தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு வகை சாம்பிள் தெரியும். கோல்டன் சாம்பிள் என்பது அப்பழுக்கில்லாத மாதிரி. லிமிட் சாம்பிள் என்பது ஏற்றுக்கொள்ளக்கூடியதில் மிக மோசமானது: இந்தக் கீறல் வரை சரி, இதைவிட ஒரு மயிரிழை கூடினால் ரிஜெக்ட். கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலையில் லைனில் நிற்கும் அக்காவுக்கு அன்றாடம் கைகொடுப்பது லிமிட் சாம்பிள்தான். கோல்டன் சாம்பிளை மட்டும் கொடுத்தால் அவர் பயத்தில் நல்ல சரக்கையும் ஒதுக்கித் தள்ளுவார், இல்லாவிட்டால் குழப்பத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

அலுவலகத்தில் நாம் கொடுப்பது கோல்டன் சாம்பிள் மட்டும்தான். "போன வருஷம் நான் செஞ்ச அந்த ரிப்போர்ட்டைப் பாரு, அது மாதிரி இருக்கணும்" என்போம். நான் அந்த ரிப்போர்ட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தேன் என்பதைச் சொல்லமாட்டோம்.

ஆகவே குழு அடிக்கடி செய்யும் ஐந்தாறு வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய கோப்பிலிருந்து "இது போதும், இப்படியே அனுப்பலாம்" என்று சொல்லத்தக்க ஒன்றைத் தேடி எடுங்கள். சிறந்ததை எடுக்கக் கூடாது, போதுமானதை எடுக்க வேண்டும். தேடும்போதே கை நடுங்கும். நான் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு மதியம் குழுவை உட்காரவைத்து அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். இதில் மூன்று குறை இருக்கிறது, என்னவென்று எனக்குத் தெரியும், இருந்தாலும் இது போகலாம் என்றேன். யாரும் நம்பவில்லை. ஒருவர் மட்டும், "பாஸ், அப்புறம் திட்ட மாட்டீங்கதானே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சுருக்கென்றது.

எல்லா வேலைக்கும் ஒரே எல்லை கிடையாது. ஊழியர் சேமநிதிப் பங்களிப்பு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அதில் எண் தவறினால் இன்னொருவர் ஓய்வுக்காலப் பணம், தாமதமானால் அபராதக் கட்டணம். அங்கே குறைக்கு இடமே இல்லை, இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கலாம். வாடிக்கையாளர் புகாருக்குக் கொடுக்கும் எயிட்-டி ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட அதே வகை: மூலக் காரணம் சரியாக இருக்க வேண்டும், மொழிநடை சுமாராக இருந்தாலும் சரி. குழுவுக்குள் சுற்றும் கூட்டக் குறிப்பு என்றால் யார் என்ன செய்வார், எந்தத் தேதிக்குள் என்று தெரிந்தால் போதும், தலைகீழாக எழுதினாலும் பரவாயில்லை. இப்படி மூன்று கூடைகளாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். எல்லாம் முதல் கூடையில்தான் விழுகிறது என்றால் நீங்கள் இன்னும் முதல் படியைத் தாண்டவில்லை.

கேலப் நிறுவனம் ஊழியர் ஈடுபாட்டை அளக்கக் கேட்கும் 12 கேள்விகளில் முதலாவது, என்னிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று எனக்குத் தெரியுமா என்பதுதான். சம்பளத்தைப் பற்றியோ பாராட்டைப் பற்றியோ அது தொடங்கவில்லை.

நான்காம் படி: கையை மேசைக்கு அடியில் வையுங்கள்

முடிந்த வேலையைத் திருத்துவதை விட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கு ஆனபோதே பாருங்கள். வெறும் தலைப்புகளும் இரண்டு எண்களும் இருக்கும் நிலையில் பத்து நிமிடம் பேசினால் போதும். திசை தப்பியிருந்தால் அப்போது திருப்புவது யாருக்கும் வலிக்காது. முடிந்த பிறகு ஒரே ஒரு சுற்றுதான், இரண்டாவது சுற்று கேட்பதானால் முதல் சுற்றில் நீங்கள் எதைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுற்றிலும் கோப்பில் நீங்கள் எழுதக் கூடாது. ஓரத்தில் குறிப்பு போடலாம், காரணத்தோடு. "இந்த வரைபடத்தில் மே மாதம் விடுபட்டிருக்கிறது, வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் கேட்பார்" என்பது உதவும். "சரியில்லை, மறுபடி பார்" என்பது யூகத்துக்குத் திரும்ப அனுப்புவது. ருசிக் குறிப்பு போட்டே தீரவேண்டும் என்று துடித்தால் அதன் பக்கத்தில் "உன் இஷ்டம்" என்று எழுதுங்கள், பிறகு அவர் மாற்றாமல் விட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

நேரமில்லை, நானே மாற்றினால் ஐந்து நிமிடத்தில் முடியும் என்ற வாதம் வரும். உண்மைதான், ஐந்து நிமிடத்தில் முடியும். அடுத்த மாதமும் அந்த ஐந்து நிமிடம் உங்களுடையதுதான்.

ஐந்தாம் படி: தப்பு நடந்த அந்த முதல் ஒரு நிமிடம்

டொயோட்டா ஆலைகளில் லைனில் இருக்கும் யாரும் கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் லைன் நிற்கும். ஆண்டோன் என்பார்கள். அந்தக் கயிறு வேலை செய்வதற்கு ஒரே காரணம், இழுத்தவரிடம் ஓடிவருபவர் "யார் இழுத்தது?" என்று கத்தாமல் "எங்கே பிரச்சினை?" என்று கேட்பதுதான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் தொண்ணூறுகளில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் பதிவான தவறுகள் கூடுதல் என்று கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் தவறைப் பற்றி வாய் திறந்து பேசத் துணிந்தவர்கள். மற்ற வார்டுகளில் அது மறைந்திருந்தது. பிறகு 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதியதிலிருந்துதான் உளவியல் பாதுகாப்பு என்ற சொல் மேலாளர்களின் வாயில் புழங்க ஆரம்பித்தது.

ஆகவே உங்கள் குழுவில் தவறே வருவதில்லை என்றால் நிம்மதியடையாதீர்கள். வருவது உங்கள் காதுக்கு எட்டவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஒருவர் வந்து "பாஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லும்போது முதலில் வாயில் வர வேண்டியது "சரி, சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப எங்க நிக்குது?" என்பதுதான். பிறகு சேதத்தை நிறுத்தும் வேலை. எப்படி நடந்தது என்ற பேச்சை மறுநாள் வையுங்கள், கதவை மூடிக்கொண்டு. அப்போதும் "நீ ஏன்" என்று தொடங்காமல் "எந்த இடத்தில் இது நழுவிச்சு" என்று தொடங்குங்கள். வார்த்தை விளையாட்டுபோலத் தோன்றும். கேட்பவருக்கு அது பெரிய வித்தியாசம். வயதில் மூத்தவராக இருந்தால் அண்ணே, அக்கா என்ற அந்த மரியாதையைத் தவறு நடந்த அன்றைக்கும் விடாதீர்கள். மற்ற நாளில் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு அன்றைக்கு மட்டும் மிஸ்டர் போட்டுப் பெயர் சொல்லி அழைத்தால் ஆலை முழுக்கத் தெரிந்துவிடும்.

உங்கள் தவறு ஒன்றை மாதம் ஒரு முறையாவது குழுவின் முன் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் சொல்வதுபோல அலங்கரித்த தவறு வேண்டாம், பணம் போன தவறாக இருக்கட்டும்.

ஆறாம் படி: இரவுச் செய்தி

இது சின்ன விஷயம், ஆனால் எல்லாவற்றையும் கெடுக்கும். ராத்திரி பத்தரைக்கு ஒரு யோசனை வருகிறது, வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். அவர்கள் தூங்குவதில்லை. 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டத்தில் வாரத்துக்கான வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியருக்கு அதற்கு மேல் ஓவர்டைம் கொடுக்கச் சட்டம் வற்புறுத்துவதில்லை, ஆகவே உங்கள் இரவு யோசனைக்கு யாரும் பில் போடமாட்டார்கள். இலவசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். காலையில் மறுபடி படித்தால் அவற்றில் பாதியை நீங்களே அழிப்பீர்கள்.

அப்படிப்பட்டவருக்குக் கீழே நீங்கள் இருந்தால்

மேலே சொன்னதை பாஸுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம், அது யாருக்கும் நல்லதாக முடிந்ததில்லை. எல்லைக்கோட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள். வேலை கையில் வந்தவுடன், "பாஸ், இதில் எந்த மூணு விஷயம் கட்டாயம் சரியா இருக்கணும்?" என்று கேளுங்கள். பதிலை இரண்டு வரியில் எழுதி, புரிந்துகொண்டது சரிதானா என்று அவருக்கே அனுப்புங்கள். திட்டு வாங்காமல் இருக்க என்பதைவிட, அவர் மனதில் இருப்பதை அவரே ஒருமுறை கண்ணால் பார்க்க இது உதவும். பிறகு பாதி வேலையில் ஒருமுறை காட்டுங்கள். கடைசி நிமிடத்தில் கொடுத்துத் தப்பிக்கும் உத்தி நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பு, அவர் பயம் அதனால் இன்னும் ஏறும்.

திருத்தங்கள் குவியும்போது "எதெல்லாம் கட்டாயம், எதெல்லாம் உங்க விருப்பம்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். சில பாஸ்கள் அந்தக் கேள்விக்கே அசந்துபோவார்கள்.

இது எதுவும் எடுபடாத ஆட்களும் உண்டு. குறை பொறுக்காமை வேறு, ஆளை மட்டம் தட்டுவது வேறு. பின்னது நடந்தால் தேதி போட்டு எழுதிவையுங்கள், மனிதவளத் துறையிடம் எழுத்தில் கொடுங்கள். கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிடாதீர்கள். வேலையை விட வேறு வழியில்லாமல் தள்ளப்பட்டதாக வழக்காட நினைத்தால், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், நிரூபிக்கும் சுமையும் உங்கள் தோளில்தான். முதலில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று மாதம் கழித்து

பழைய பழக்கம் திரும்பும். என் அனுபவத்தில் அது ஆடிட் வாரத்திலும், மேலே புதிய அதிகாரி வரும்போதும் வரும். முதல் படியின் தாளை மறுபடி எடுத்து ஒரு வாரம் கோடு போட்டால் அடங்கும். குழுவிடம் "நான் மாறிட்டேன்" என்று அறிவிக்காதீர்கள், அவர்கள் அதை இன்னொரு புது விதியாக எண்ணிப் பயப்படுவார்கள்.

படிக்கட்டில் பேசிய அந்தப் பெண் இப்போது நான்கு பேரை நடத்துகிறாள். போன ஆடிட்டின்போது மாலை ஐந்தரைக்கு என் அறைக்கு வந்து, "பாஸ், ரிப்போர்ட் அனுப்பிட்டேன். கடைசிப் பக்கத்துக் கணக்கை மூணு தடவ பார்த்தாச்சு, நீங்க பார்க்க வேணாம்" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத் திறந்து பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் வரைபடம் நீலத்தில் இருந்தது. டிராயரிலிருந்து தாளை எடுத்து மூன்றாம் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன்.